500 தட்டு, 7 பாட்டு: டெட்ராய்ட்டின் 'டெத்' குழு ஏன் நின்றது, எப்படித் திரும்பி வந்தது

1976ஆம் ஆண்டு டான் டேவிஸுக்குப் பொன்னான ஆண்டு. டெட்ராய்ட்டைச் சேர்ந்த இந்தத் தயாரிப்பாளர், ஜானி டெய்லரைப் பாட வைத்து வெளியிட்ட 'டிஸ்கோ லேடி' 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அமெரிக்காவில் மிக அதிக விற்பனைக்கான பிளாட்டினம் சான்று பெற்ற முதல் சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சின்ன இசைத்தட்டு) அதுதான். அதே ஆண்டில், அதே ஊரில், அவருடைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்த மூன்று அண்ணன் தம்பிகள் தங்கள் சிங்கிளைத் தாங்களே அச்சடித்து வெளியிட்டார்கள். அவருடைய ஸ்டுடியோவில் பதிவான பாட்டுகள்தான் அவையும். போட்டது 500 பிரதி.

அந்த 500 இசைத்தட்டைப் போட்ட குழுவின் பெயர் 'டெத்'. ஆமாம், சாவு என்றே பெயர். டேவிட் ஹேக்னி கிட்டார், பாபி ஹேக்னி பேஸ் கிட்டாரும் குரலும், டேனிஸ் ஹேக்னி டிரம்ஸ். 1971ல் தொடங்கி 1977ல் முடிந்துபோனது. வேறு யாரும் சேரவும் இல்லை, விலகவும் இல்லை. 30 வருஷத்துக்குப் பிறகு அவர்களுடைய 7 பாட்டுகள் வெளிவந்தபோது, பங்க் ராக் என்ற வேகமான, முரட்டு ராக் இசையின் வரலாற்றை எழுதியவர்கள் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: பெரிய நிறுவனம் பெயரை மாற்றச் சொன்னது, அண்ணன் டேவிட் மறுத்தார், குழு அழிந்தது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. பெயரை மாற்றியிருந்தால் இந்தக் குழு பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மாற்றாமல் இருந்ததால்தான் பாட்டுகள் பிழைத்தன என்பதே என் எண்ணம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாடி அறை

ஹேக்னி குடும்பம் டெட்ராய்ட்டின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்தது. கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்ந்த பகுதி அது. அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதல்முறையாக எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றிய இரவில், பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். மறுநாள் டேவிட் ஒரு சந்தில் யாரோ தூக்கிப் போட்டிருந்த கிட்டாரைக் கண்டெடுத்தார் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் தொடக்கக் கதை.

முதலில் வைத்துக்கொண்ட பெயர் 'ராக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ்'. பெயரைக் கேட்டாலே என்ன வாசித்திருப்பார்கள் என்று தெரியும். கறுப்பின மக்களிடம் பிறந்த ஃபங்க், சோல்; கொஞ்சம் ராக். அந்த வயசுப் பையன்கள் அந்தத் தெருவில் வாசிக்க வேண்டிய இசைதான். டெட்ராய்ட்டில் பிறந்த சோல் இசை நிறுவனமான மோட்டவுன் 1972ல் தலைமையகத்தை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாலும், அது விட்டுப்போன காது ஊரில் அப்படியே இருந்தது. கல்யாணம், கராஜ் பார்ட்டி, கிளப் எதுவானாலும் ஆடுவதற்கு ஏற்ற பாட்டுத்தான் வேண்டும்.

திருப்பம் 1973ல் வந்தது. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் கச்சேரி ஒன்றைப் பார்த்த பிறகு, இனி ஹார்ட் ராக்தான் என்று முடிவாயிற்று. டேவிட்டுக்கு ஏற்கெனவே 'தி ஹூ' குழு மீது பித்து. அதன் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் மணிக்கட்டை வீசிப் பவர் கார்டு அடிக்கும் முறையைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தார்.

இந்த இடத்தில் அவர்களுடைய அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் படுக்கையறையில் இருந்த சாமான்களை எடுத்துவிட்டு அங்கே ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வைத்துக்கொள்ள அவர் அனுமதித்தார். ஒரே நிபந்தனை: தினமும் பிற்பகல் 3 மணி நேரம் தவறாமல் பயிற்சி செய்ய வேண்டும். டிரம்ஸும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து தினமும் 3 மணி நேரம் அலறும் வீட்டில் இருந்துகொண்டு, அக்கம்பக்கத்தார் புகாரையும் தாங்கிக்கொண்டு, "வாசி" என்று சொன்ன தாய் அவர். அவர்களுடைய பதிவுகளைக் கேட்கும்போது மூன்று பேரும் ஒரே ஆள் போல நிற்கிற இடத்தில் நின்று, கிளம்புகிற இடத்தில் கிளம்புவது தெரியும். அந்தப் பிடிப்பு எந்த ஸ்டுடியோவிலும் வந்ததில்லை. அந்த மாடி அறையில் வந்தது.

பெயர்

அப்பா ஒரு கார் விபத்தில் இறந்தார். குடித்துவிட்டு ஓட்டிய ஒருவனின் வண்டி மோதியது. டேவிட் அதற்குப் பிறகு சாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அஞ்சி ஒதுக்கும் அந்தச் சொல்லை எடுத்து, அதில் இருக்கிற இருட்டை மாற்றி, நல்ல பொருளில் நிறுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். பிறப்பைப் போலச் சாவும் ஒரு பயணத்தின் பகுதி என்று நினைத்தார். தம்பிகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. டேவிட் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

அவர் வெறுமனே அதிர்ச்சிக்காகப் பெயர் வைக்கவில்லை என்பதற்கு அவர் உருவாக்கிய சின்னமே சாட்சி. ஒரு முக்கோணம். அதன் மூன்று முனைகளிலும் மூன்று வட்டங்கள்: ஆன்மா, மனம், உடல். தனியே நிற்கும் நான்காவது வட்டம் வழிநடத்தும் கடவுள். பின்னால் தாங்களே தொடங்கிய லேபிளுக்கும் 'டிரையாங்கிள்' என்றுதான் பெயர் வைத்தார்கள். போதகர் வீட்டுப் பிள்ளை, தகப்பனை இழந்த துக்கத்தில் தானே கட்டிக்கொண்ட சின்ன வேதாந்தம் இது. இதைப் புரிந்துகொள்ளாமல் டேவிட்டின் பிடிவாதத்தை எடைபோட முடியாது. நம் வீடுகளில் நல்ல காரியம் பேசும்போது 'சாவு' என்ற சொல் வாயில் வந்துவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கச்சேரிக்கு ஆள் பிடிக்கும் தொழிலில் அந்தப் பெயரோடு போய் நிற்பது எவ்வளவு கடினம் என்று நமக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் டேவிட்டுக்கு அது அப்பாவின் நினைவோடு ஒட்டிக்கொண்ட பெயர். அதை எடுத்துவிடு என்றால் அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

ஸ்டுடியோ

எந்த நிறுவனத்தை அணுகுவது என்று முடிவு செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டெட்ராய்ட் பகுதி ஒலிப்பதிவு நிறுவனங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டி, அதன் மீது அம்பு எறிந்தார்கள். அம்பு விழுந்த இடம் குரூவ்ஸ்வில் புரொடக்ஷன்ஸ். டான் டேவிஸின் நிறுவனம்.

அம்பு சரியான இடத்தில்தான் விழுந்தது. டான் டேவிஸ் 1968லேயே ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக ஜானி டெய்லரின் பெரிய வெற்றிப் பாட்டைத் தயாரித்தவர். யுனைடெட் சவுண்ட் ஸ்டுடியோ அவர் கையில் இருந்தது. 1930களில் தொடங்கிய இடம் அது. மோட்டவுனை நிறுவிய பெர்ரி கோர்டி தன் முதல் வெளியீட்டுக்கான பாட்டைப் பதிவு செய்ததும் இங்கேதான். ஃபங்கடெலிக், டிரமாட்டிக்ஸ், கிளாடிஸ் நைட் போன்றவர்கள் வந்து போய்க்கொண்டிருந்த அதே கூரையின் கீழ், 1975ல், ஜிம் விட்டி என்ற ஒலிப்பொறியாளரோடு இந்த மூன்று பேரும் பதிவைத் தொடங்கினார்கள். மூவருக்கும் 20ஐ ஒட்டிய வயசு.

12 பாட்டு திட்டம். முடிந்தது 7.

மொத்தம் சுமார் 26 நிமிடம் ஓடும் இந்த ஏழையும் ஒரே மூச்சில் கேட்பது நல்லது. 'பொலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்' பேஸ் கிட்டாரை முன்னால் வைத்துத் தொடங்கி, கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டதும் பாய்கிறது. இளைஞர்களைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் வாழ்வைப் பார்த்துக்கொள்ளும் அரசியல்வாதிகளைப் பற்றிய பாட்டு. சொற்கள் அம்புமாரி போல வருகின்றன. நடுநடுவே திடீர் திடீரென்று நிறுத்தம். இந்த நிறுத்தங்களைக் கவனியுங்கள். ராக் குழுக்கள் பொதுவாக இப்படி நிறுத்துவதில்லை. ஃபங்க் வாசித்துப் பழகியவர்களுக்குத்தான் மௌனமும் தாளத்தின் பகுதி என்று தெரியும். 'ராக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரைக் கழற்றிப் போட்டாலும் அந்தக் காலம் கற்றுக்கொடுத்த உடம்பு போகவில்லை. டேனிஸின் காலும் பாபியின் விரலும் ஒன்றையொன்று விடுவதே இல்லை. அதற்கு மேலே டேவிட்டின் கிட்டார் கட்டவிழ்ந்து திரிகிறது.

'ஃபிரீக்கின் அவுட்' மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இன்று யாரிடமாவது இதைப் போட்டுக் காட்டிவிட்டு 1979 என்று சொன்னால் நம்புவார்கள். 1975 என்று சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். பங்க் என்றதும் எல்லோரும் சொல்லும் ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்ததே 1976 ஏப்ரலில்தான். 'லெட் த வேர்ல்ட் டர்ன்' இதற்கு நேர் எதிர். மெல்ல, ஏறக்குறையக் கனவு போலத் தொடங்கி, வெடித்து, டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்துக்குப் போய்த் திரும்புகிறது. எனக்கு ஏழில் மிகவும் நெருக்கமானது இது. வேகத்தை மட்டும் வைத்து இவர்களைப் பங்க் முன்னோடிகள் என்று ஒரு டப்பாவில் அடைக்கப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு அந்த மூடியைத் தள்ளிவிடுகிறது.

முன்னோடி என்ற பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்கள்தான் எல்லாவற்றுக்கும் முதல் என்று சொல்வது அதிகம். எம்சி5, ஸ்டூஜஸ் இரண்டும் இதே வட்டாரத்துக் குழுக்கள்; 1969லேயே தட்டுப் போட்டுவிட்டன. டெத் அந்தச் சத்தத்தை எடுத்துச் சுருக்கி, இறுக்கி, இன்னும் வேகமாக்கியது. அதைச் செய்தவர்கள் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் என்பதும், அதைப் பக்கத்தில் வழிகாட்ட யாரும் இல்லாமல் ஒரு படுக்கையறையில் செய்தார்கள் என்பதும் போதும். அதற்கு மேல் பட்டம் தேவையில்லை.

பெயர் மட்டுமா?

சரி, முக்கியமான கட்டத்துக்கு வருவோம். ஹேக்னி குடும்பத்தார் சொல்வது இது: பதிவுக்கான செலவைப் பெரிய இசை நிறுவனத் தலைவரான கிளைவ் டேவிஸ் ஏற்றார். பாட்டுகள் பிடித்திருந்தன. ஆனால் பெயரை மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். டேவிட் மறுத்தார். பணம் நின்றது, பதிவும் ஏழாவது பாட்டோடு நின்றது. டான் டேவிஸும் கிளைவ் டேவிஸும் வேறு வேறு ஆட்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல இடங்களில் கிளைவ் டேவிஸை 'கொலம்பியா நிறுவனத் தலைவர்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. கொலம்பியா அவரை 1973 மே மாதமே வெளியேற்றிவிட்டது. 1974 இறுதியில் அவர் அரிஸ்டா என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். 1975ல் அவர் அரிஸ்டாக்காரர். இது சின்னத் திருத்தம் போலத் தெரியலாம். ஆனால் இதிலிருந்து ஒரு பெரிய விஷயம் விளங்குகிறது. வேலை போய், புது நிறுவனம் தொடங்கி, ஒவ்வொரு வெளியீடும் ஜெயித்தாக வேண்டிய நிலையில் இருந்த ஒருவர், யாரும் அறியாத மூன்று பையன்களுக்காக எவ்வளவு தூரம் போவார்?

இன்னொன்று. அதே கிளைவ் டேவிஸின் அரிஸ்டா 1977ல் 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் இசைத்தட்டை வெளியிட்டது. அந்தப் பெயரிலும் செத்தவன் இருக்கிறான். இருட்டையே பாடிய 'பிளாக் சப்பாத்' என்ற ராக் குழு அதற்கு முன்பே அமெரிக்கா முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. ஆக, இருண்ட பெயர் என்பது மட்டுமே தடை என்று சொல்ல முடியாது. கிரேட்ஃபுல் டெட் அரிஸ்டாவுக்கு வந்தபோது அவர்கள் பின்னால் பத்து வருஷக் கூட்டம் இருந்தது. ஊர் ஊராக அவர்களைத் தொடர்ந்து போன ரசிகர்கள் இருந்தார்கள். கூட்டம் இருந்தால் எந்தப் பெயரும் செல்லும். ஹேக்னி சகோதரர்களிடம் கூட்டம் இல்லை.

ஏன் இல்லை? இதுதான் உண்மையான கேள்வி. அவர்கள் வாசித்த இடங்கள் கிழக்குப் பகுதிக் கிளப்புகளும் கராஜ் பார்ட்டிகளும். வந்தவர்கள் ஆட வந்தவர்கள். மேடையில் மூன்று பேர் காது கிழியும் ராக் வாசித்தால் சிலர் திகைத்தார்கள், சிலர் கிண்டல் செய்தார்கள். கறுப்பினப் பையன்கள் 'வெள்ளைக்காரன் பாட்டு' வாசிக்கிறார்கள் என்ற பேச்சு. நகரத்தின் இன்னொரு பக்கத்தில் ராக் கேட்கும் வெள்ளை இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அங்கே இவர்களைக் கூப்பிடுவார் இல்லை. 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்த ஊர் அது. அதற்குப் பிறகு வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்கு வேகமாக வெளியேறின. பாட்டும் தெருவைப் போலவே இரண்டாகப் பிரிந்தது. வானொலியிலும் அதே கதை. கறுப்பின நேயர்களுக்கான நிலையங்கள் சோலும் ஃபங்கும் போட்டன. எஃப்எம் ராக் நிலையங்களில் பெரும்பாலும் வெள்ளைக் குழுக்கள். நடுவில் நின்றவனுக்கு அலைவரிசையே இல்லை.

ஃபங்கடெலிக் எப்படிப் பிழைத்தது என்று கேட்கலாம். அவர்களும் டெட்ராய்ட்டில் இருந்துதான் இயங்கினார்கள், அவர்கள் கிட்டாரும் அலறத்தான் செய்தது. ஆனால் அதன் தலைவர் ஜார்ஜ் கிளிண்டன் பாடகர் குழுவாகத் தொடங்கி 1967லேயே சோல் ரசிகர்களிடம் ஒரு வெற்றியைப் பெற்றுவிட்டவர். வந்த கூட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிட்டாரைத் திறந்துவிட்டார். அதோடு அவர் இசை கடைசிவரை ஆட வைக்கும் இசை. இதே ஊரின் 'பிளாக் மெர்டா'வைப் பாருங்கள். முழுக்கக் கறுப்பின ராக் குழு, சிக்காகோவின் செஸ் நிறுவனம் 1970ல் தட்டுப் போட்டது. 1972ல் இரண்டாவது வந்தது, அதோடு கலைந்தது. அவர்களுக்கு நிறுவனம் இருந்தது. இருந்தும் நிற்க முடியவில்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸே லண்டனுக்குப் போய்ப் பெயர் வாங்கித்தான் அமெரிக்காவுக்குத் திரும்பினார்.

இவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டேவிட் அன்று தலையாட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். வேறு பெயரில் ஒரு இசைத்தட்டு வந்திருக்கும். எந்த வானொலி அதைப் போடும் என்று விற்பனைப் பிரிவுக்குத் தெரிந்திருக்காது. அடுத்த தட்டுக்கு முன்னால் 'கொஞ்சம் டிஸ்கோ பக்கம் வாருங்கள்' என்று சொல்லியிருப்பார்கள். 1976ல் டான் டேவிஸின் கணக்குப் புத்தகமே அந்தப் பக்கம்தான் கை காட்டியது.

மாறாக நடந்தது இது. 1976 முடிவில் சகோதரர்கள் குரூவ்ஸ்வில்லோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளக் கேட்டார்கள். வெளியே வரும்போது மாஸ்டர் டேப், அதாவது பாட்டுகளின் மூல ஒலிநாடா, அவர்களோடு வந்தது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞர் ஒருவர் தன் மாஸ்டர் டேப்பைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது சாதாரண விஷயம் இல்லை. மெம்பிஸ், சிக்காகோ, டெட்ராய்ட் எல்லா ஊரிலும் பாடியவன் ஒருவன், டேப்புக்குச் சொந்தக்காரன் வேறொருவன். நிறுவனம் கைமாறும், கிடங்கு கைமாறும், பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தம் நிறைவேறாமல் போனதால், யாருக்கும் வேண்டாத சரக்காக, அந்த 7 பாட்டும் பாடியவர்கள் கைக்கே வந்து சேர்ந்தன.

மேல்மாடம்

அவர்கள் அச்சடித்த 500 தட்டில் ஒரு பக்கம் 'பொலிட்டீஷியன்ஸ்', மறுபக்கம் 'கீப் ஆன் நாக்கிங்'. நேரம் சரியில்லை. நிக்சன் 1974 ஆகஸ்டிலேயே பதவி விலகிவிட்டார். சைகோன் 1975 ஏப்ரலில் விழுந்துவிட்டது. கோபம் கொண்ட பாட்டு கடைக்கு வரும்போது ஊரே கோபத்தை மறக்க ஆடிக்கொண்டிருந்தது. வானொலியில் ஏறக்குறையக் கேட்கவே இல்லை.

1977ல் உறவினர் ஒருவர் அழைத்ததால் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனுக்குப் போனார்கள். வெள்ளையர் மட்டுமே என்று சொல்லத்தக்க சின்ன ஊர். அங்கும் 'டெத்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள், அங்கும் பெயரே வில்லங்கமானது. கடைசியில் டேவிட்டே இறங்கி வந்தார். 'தி ஃபோர்த் மூவ்மென்ட்' என்ற பெயரில் பக்திப் பாட்டு ராக் வடிவில், 1980களின் தொடக்கத்தில் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பெயரை மாற்றியும் விற்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1982ல் டேவிட் டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். தம்பிகள் வெர்மான்ட்டிலேயே தங்கி, 'லாம்ப்ஸ்பிரெட்' என்ற ரெகே குழுவைத் தொடங்கி, அதில் நல்ல பெயர் எடுத்தார்கள். பேஸும் டிரம்ஸும் ஆளும் இசை ரெகே. கிட்டார் ஓரமாக நின்று தாளம் வெட்டினால் போதும். அண்ணனின் இடத்தை நிரப்பத் தேவையில்லாத இசையைத் தம்பிகள் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டேவிட் சாவதற்கு முன் மாஸ்டர் டேப்புகளைப் பாபியிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். ஒருநாள் உலகம் இதைத் தேடிக்கொண்டு வரும் என்றார். தம்பி நம்பினாரோ இல்லையோ, வாங்கி மேல்மாடத்தில் வைத்தார். 2000ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயில் டேவிட் போனார்.

அப்புறம் நடந்தது டேவிட் சொன்னபடியே. 500 தட்டில் மிஞ்சியவை பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களிடம் கைமாறத் தொடங்கின. 2008 வாக்கில் ஒரு பிரதி 800 டாலர் மதிப்புக்குப் போனது. பாட்டு இணையத்தில் பரவியது. கலிஃபோர்னியாவில் விருந்துகளில் ஒலித்தது. அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் பாபியின் மகன். குரலை அடையாளம் கண்டுகொண்டார். அது தன் அப்பாவின் குரல். அப்பா இப்படி ஒரு குழுவில் இருந்தார் என்பதே பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. ரெகே வாசிக்கும் அப்பாவைத்தான் தெரியும். தோற்றுப்போன காரியத்தை வீட்டில் பேசாத தகப்பன் எந்த ஊரில்தான் இல்லை?

டேப்புகள் இறங்கின. 2009 தொடக்கத்தில் சிக்காகோவின் டிராக் சிட்டி நிறுவனம் 7 பாட்டுகளையும் 'ஃபார் த ஹோல் வேர்ல்ட் டு சீ' என்ற பெயரில் வெளியிட்டது. அட்டையில் பழைய பெயரே: டெத். அதே டெட்ராய்ட்டில் பிறந்த ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட், கேட்டதை நம்ப முடியவில்லை என்று பத்திரிகையில் சொன்னார். அந்தச் செப்டம்பரில் பாபியும் டேனிஸும் மூன்று கச்சேரிகள் வாசித்தார்கள். கிட்டாருக்கு லாம்ப்ஸ்பிரெட்டின் பாபி டங்கன் வந்தார். பழைய மாதிரிப் பதிவுகள் 2011ல் தனியாக வந்தன. 2012ல் ஆவணப்படமும் வந்தது. அதில் தம்பிகள் இருவரும் அண்ணனைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி நிறுத்திக்கொள்கிறார்கள். உலகம் தேடி வரும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது தாங்கள் முழுதாக நம்பவில்லையே என்ற உறுத்தல் அந்த நிறுத்தங்களில் இருக்கிறது.

பாபியின் மகன்கள் மூவரும் ஏற்கெனவே குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அப்பாவும் பெரியப்பாக்களும் பண்ணிய பாட்டுகளை மேடையில் வாசிப்பதற்கென்றே சேர்ந்தார்கள். குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, டேவிட் தன் கடைசிக்காலப் பதிவுகளுக்குத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்த புனைபெயரை எடுத்துக்கொண்டார்கள்: 'ரஃப் பிரான்சிஸ்'. பர்லிங்டனில் அந்தப் பெயரைச் சுவரில் ஒட்டினார்கள். இந்த முறை யாரும் வந்து கழற்றச் சொல்லவில்லை.